பத்தொன்பதாவது கதவு

கோந்த்வா, புனே
18 நவம்பர் 2024

சரசாவுக்கு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்துப் பதினொரு மாதம் ஆகிறது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். சண்டையைத் தொடர எழுதவில்லை. ஒரு அனுமதி வேண்டியிருக்கிறது.

மார்ச் மாதம் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டேன். சாகண் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் கார்க் கதவு சாத்தும் சத்தத்தைச் சரிபார்த்த மனிதனுக்கு வீட்டில் என்ன வேலை? ஃபிரிட்ஜ் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை உறுமுகிறது என்பது இப்போது எனக்கு மனப்பாடம். ஸ்நேஹா ஞாயிற்றுக்கிழமைகளில் டப்ளினிலிருந்து கூப்பிட்டு, ‘அம்மா எப்படி இருக்கா?’ என்கிறாள். ‘நன்னா இருக்கா’ என்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டால் நீயும் அதையே சொல்வாய் என்று நினைக்கிறேன்.

ஜெயந்த் என்று ஒரு சிற்பி. நாற்பது வயது இருக்கும். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. கழித்துப் போட்ட கார்க் கதவுகள் வேண்டும் என்று கம்பெனிக்கு வந்தவரை யாரோ என்னிடம் அனுப்பிவிட்டார்கள். ‘அங்கிள், இரும்பு என்னோடது, காது உங்களோடது’ என்றார். சும்மா இருந்தவன் ஒப்புக்கொண்டேன்.

பாணேரில் ஒரு பழைய லாரி ஷெட்டில் பத்தொன்பது கதவுகளை நிறுத்தப்போகிறோம். கார் கிடையாது. கதவு மட்டும், ஒவ்வொன்றும் தனி இரும்புத் தூணில். வருகிறவர் ஒரு கதவைத் திறந்து சாத்த வேண்டும். சாத்தியதும் உள்ளிருக்கும் ஸ்பீக்கரில் இருபது நொடிக்கு ஒரு சத்தம் வரும். ஒருவர் அப்படிக் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அந்த இடத்தில் என்ன கேட்டிருக்குமோ, அது. பள்ளிக்கூட வாசல், ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி போர்டிகோ என்று பதினெட்டு சேர்த்தாகிவிட்டது. ஜெயந்த் இதற்கு ‘சாத்திய பிறகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

பத்தொன்பதாவது உன்னுடையது. என் போன் எல்லா அழைப்பையும் பதிவு செய்துவிடும் என்று உனக்குத் தெரியும். போன டிசம்பர் எட்டாம் தேதி மாலை நான் கூப்பிட்டபோது நீ கோயம்புத்தூர் வீட்டு வாசலில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாய். ஒரு கார்க் கதவு சாத்தியது. ‘எதுல வந்தே?’ என்றேன். ‘ஆட்டோல’ என்றாய். ஆட்டோவுக்குக் கதவு ஏது? அது எங்கள் கம்பெனியின் சின்ன வண்டிக் கதவு. நான் எட்டு மாதம் உட்கார்ந்து சரிசெய்த கதவு. உங்கள் பேங்க் மேனேஜர் சங்கரன் அந்த வண்டிதான் வைத்திருக்கிறார் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அதன் பிறகு என் வாயிலிருந்து வந்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காதில் விழுந்தது தப்பில்லை.

அந்த அழைப்பில் பேச்சே இல்லாத இருபது நொடி இருக்கிறது. கதவு, ஜல்லியில் உன் செருப்பு, கேட்டின் கொக்கி. நம் குரல் எதுவும் வராது. அதைப் பயன்படுத்தலாமா?

விஸ்வேஸ்வரன்


ஆர்.எஸ். புரம், கோயம்புத்தூர்
28 நவம்பர் 2024

கடிதம் கிடைத்தது. எப்படி விளித்து எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் விளிக்கவில்லை.

போனில் உங்கள் எண்ணுக்கு வைத்த தடையை எடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் நினைத்தேன், போனில் பேசினால் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது. பின்னால் மிக்ஸி ஓடுகிறதா, யாராவது இருமுகிறார்களா, அதுதான் கேட்கும். காகிதத்துக்குப் பின்னால் ஒரு சத்தமும் வராது. எனக்கு இதுவே சௌகரியமாக இருக்கிறது.

அனுமதி இல்லை.

உங்களுக்கு அது இருபது நொடி. அந்த இருபது நொடிக்கு அப்புறம் நீங்கள் கேட்டது என்ன தெரியுமா? ‘மேனேஜர் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடறது எந்த சர்க்குலர்ல இருக்கு?’ நான் பேங்கில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம். எத்தனையோ பேர் கவுண்டரில் நின்று கத்தியிருக்கிறார்கள். அவ்வளவு அசிங்கமாக ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் கத்தக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

அதை வெட்டிவிட்டு, அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் ஊரார் கேட்க வைக்கப்போகிறீர்கள். வருகிறவர்கள் கதவைச் சாத்திப் பார்த்து ஆஹா என்பார்கள். அந்தச் செருப்பு என்னுடையது. அதை இத்தனை பேர் கேட்க வேண்டாம்.

வி.ஆர்.எஸ். விஷயம் ஸ்நேஹா சொல்லித் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் டீயோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

சரசா


கோந்த்வா, புனே
6 டிசம்பர் 2024

சரசாவுக்கு,

சரி. போடவில்லை. ஜெயந்திடம் சொல்லிவிட்டேன். ‘அப்ப பதினெட்டு வெச்சுக்கலாமா அங்கிள்?’ என்றார். வேண்டாம், பத்தொன்பதாவது நிற்கட்டும், ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன். சாத்தினால் சாத்திய சத்தம் மட்டும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது.

நான் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டேன். சிரிக்கத்தான் செய்திருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. இத்தனை மாதமும் கேட்டின் கொக்கி வரை கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் ஓட விட்டதில்லை.

இங்கே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கீழே இருக்கும் டப்பாக்காரம்மாவிடம் மத்தியானச் சாப்பாடு. சப்பாத்தி, ஏதோ ஒரு பயறு உசள், கொஞ்சம் சாதம். ரசம் கேட்டேன், ஒருநாள் செய்து கொடுத்தாள். அதில் வெல்லம் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திட்டுவதானால் திட்டு. அது சங்கரன் வண்டிதானே? அந்த ஓட்டுநர் பக்கத்துக் கதவில் கீழே ரப்பர் பீடிங் கிழிந்திருக்கிறது. சாத்தியதும் தாழ் விழுந்து, தகடு அடங்கி, கடைசியில் கொஞ்சம் காற்று போகிறது. உலகத்தில் எத்தனை வண்டி இருந்தாலும் அந்த ஒன்றை நான் கண்டுபிடித்துவிடுவேன். ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது. நான் பைத்தியக்காரன் இல்லை என்றாவது தெரிந்துகொள்கிறேன்.

விஸ்வேஸ்வரன்


கோயம்புத்தூர்
19 டிசம்பர் 2024

ஆமாம்.

அது சங்கரன் சார் வண்டிதான். பீடிங் கிழிந்திருக்கிறது, அதுவும் சரி. உங்கள் காதுக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும்.

ஆனால் அவர் அதில் இல்லை. ஓட்டிவந்தது நான். அவர் பெரிய வண்டி வாங்கியபோது இதைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார், நான் வாங்கிக்கொண்டேன். அது போன வருஷம் நவம்பரில். நீங்கள் கேட்ட கதவு என் கதவு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2009இல் கோந்த்வாவில் நான் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனது ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள் நம் அபார்ட்மெண்ட் சொசைட்டி கேட் தூணில் இடித்தேன். யாருக்கும் அடியில்லை. அடுத்து வந்த பொங்கல் விழாவில், நம் தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேர் முன்னாலும், நீங்கள் அதை வாயால் செய்து காட்டினீர்கள். முதலில் பம்பர், அப்புறம் தூண், அப்புறம் ஹெட்லைட் கண்ணாடி, கடைசியில் வாட்ச்மேன் நாற்காலி. தத்ரூபமாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். என் சிநேகிதி சாவித்ரிகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அதற்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் ‘விஸ்வா, அந்தச் சத்தம் ஒருதரம்’ என்பார்கள். நான் திரும்ப ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஐம்பது வயதில் டிரான்ஸ்ஃபராகி இங்கே தனியாக வந்த பிறகு மறுபடி கற்றுக்கொண்டேன். பக்தவத்சலம் என்று ஒரு வாத்தியார், வாயே திறக்க மாட்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் புனே வரைக்கும் நானே ஓட்டிவந்து, கீழே நின்று ஹாரன் அடித்து, நீங்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவரை சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். அதற்காகத்தான் ஆட்டோ என்றேன். அது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் அந்த வண்டி என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் அந்தக் கதவோடுதான் நீங்கள் குடித்தனம் நடத்தினீர்கள். சாப்பிடும்போதுகூட மேஜையைத் தட்டி, ‘இப்படி இருக்கணும் சரசா, கனமா, ஆனா அதட்டாம’ என்பீர்கள். இங்கே ஆபீஸ் விட்டு வந்து அந்தக் கதவைச் சாத்தினால் வீட்டில் யாரோ இருப்பது போலிருக்கும். அதைத்தான் நீங்கள் எந்த சர்க்குலரில் இருக்கிறது என்று கேட்டீர்கள்.

விளக்கம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். நான் ஏன் சொல்ல வேண்டும்? இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளைப் பற்றி, சொன்னால்தான் தெரியுமா?

சரசா


கோந்த்வா, புனே
14 ஜனவரி 2025, பொங்கல்

சரசா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சங்கரனைப் பற்றி நினைத்ததற்கு மட்டும் இல்லை. அந்தப் பொங்கலுக்கும்தான். அது உனக்கு வலித்தது என்று எனக்குப் பதினைந்து வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறது. எந்தக் கதவில் என்ன தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவனுக்கு, பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டி சிரிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

போன சனிக்கிழமை திறந்தோம். கூட்டம் பரவாயில்லை. குழந்தைகள் ஓடி ஓடிச் சாத்துகிறார்கள். நான் தினமும் போய் ஷெட்டுக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்கிறேன். கதவுகளைப் பார்த்தாற்போல் உட்கார்ந்தால்தான் எது மக்கர் செய்கிறது என்று கேட்கும்.

பத்தொன்பதாவதை என்ன செய்வது என்று பலருக்கும் தெரியவில்லை. சாத்திவிட்டு நிற்கிறார்கள். கழுத்தைச் சாய்த்துக் காதை வைக்கிறார்கள். ‘காகா, ஹே பந்த் பட்லய் கா?’ என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். கெடவில்லை, அது அப்படித்தான் என்கிறேன். மற்றக் கதவுகளிடம் இருபது நொடி நிற்கிறவர்கள் இதனிடம் ஒரு நிமிஷம்கூட நிற்கிறார்கள். ஜெயந்துக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் போவதில்லை.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். எதிரே வேப்பமரத்தடியில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் சின்ன வண்டி ஏதாவது வந்து கதவு சாத்தினால் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன். மூன்று நாளில் நாலு தடவை. ஒன்று பிம்ப்ரியிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஒன்று கூரியர்காரன். ‘என்ன அங்கிள், யாராவது வரணுமா?’ என்று ஜெயந்த் கேட்டார். இல்லை என்றேன்.

பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். வா என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ரயிலிலோ விமானத்திலோ எப்படி வந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

விஸ்வா


கோயம்புத்தூர்
29 ஜனவரி 2025

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறு தடவை கிழித்தது போக மீதி என்பதால் கொஞ்சம் நம்புகிறேன்.

வர முடியாது. இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், பிப்ரவரி பாதி வரை லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஞாயிறும் ஆபீஸ். அதனால் ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டாம்.

என்னிடம் ஏதாவது கேளுங்கள், செய்கிறேன் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். இனிமேல் ஒரு சத்தம் கேட்டால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். காதைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கள். நான் சொன்னால் சொன்னதை நம்புங்கள். அது ஒன்று போதும் எனக்கு.

கார் சத்தம் கேட்டு ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை.

சரசா


கோலாப்பூர்
10 பிப்ரவரி 2025, திங்கள் காலை

இதை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

நேற்று நான் வந்திருந்தேன். இன்ஸ்பெக்ஷன் என்று எழுதியது பொய். ஆட்டோ மாதிரி இன்னொரு பொய். ஹாரன் ஆசை ஒன்று சொன்னேனே, அது விடவில்லை. சித்ரதுர்காவில் ஒரு ராத்திரி, பெல்காமில் ஒரு ராத்திரி, மூன்று நாள் தனியாக ஓட்டினேன். லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோதெல்லாம் பக்தவத்சலம் வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு பாணேர் வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உங்கள் முதுகு தெரிந்தது. தலை ரொம்ப நரைத்திருக்கிறது. அந்தப் பச்சை ஸ்வெட்டரின் முழங்கை இன்னும் தைக்கப்படவில்லை.

பத்தொன்பதாவது கதவுக்குச் சத்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் நேரில் கொண்டுவந்திருந்தேன். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி, கதவைச் சாத்தினேன். பீடிங்கை இன்னும் மாற்றவில்லை, உங்களுக்காகவே.

உங்கள் தலை நிமிர்ந்தது. நான் பார்த்தேன். இடதுகாதைக் கொஞ்சம் திருப்பினீர்கள். எழுந்துவிடுவீர்கள் என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள் எழவில்லை. கேட்டிருக்காதோ என்று மறுபடி திறந்து சாத்தினேன். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தீர்கள். அப்படியே இருந்தீர்கள்.

நானே நடந்து வந்திருக்கலாம். இருபது அடிதான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நான் வந்தாயிற்று, இந்த இருபது அடியை நீங்கள் வரட்டும் என்று நின்றேன். அது வீம்பு என்றால் வீம்புதான். கால்மணி நேரம் நின்றேன். யாரோ ஒரு கூரியர்காரனுக்காக ஓடுகிறவர், இந்தக் கதவைக் கேட்டும் உட்கார்ந்திருந்தீர்கள்.

உலகத்தில் எத்தனை வண்டி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதியது நீங்கள்தான். கண்டுபிடித்தீர்கள், நான் பார்த்தேன். வரவில்லை. புரிந்துகொண்டேன். மூன்று நாள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முதல் வார்த்தையைத் திரும்பக் கொண்டுபோகிறேன்.

ஸ்நேஹாவிடம் இனி உண்மையைச் சொல்லிவிடலாம்.

சரசா


கோந்த்வா, புனே
10 பிப்ரவரி 2025, திங்கள்

என் அன்பு சரசா,

நேற்றோடு முடிந்தது. இன்று காலை ஜெயந்த் ஆட்கள் வந்து கதவுகளைக் கழற்றினார்கள். பத்தொன்பதாவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து பால்கனியில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ வரும்போது எங்கே வைப்பது என்று சொல்.

இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாகப் போகிறதா? ஞாயிற்றுக்கிழமையும் உன்னை உட்கார வைத்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் உன்னை நினைத்துக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மேல் இருக்கும். கூட்டம் குறைந்திருந்தது. வெளியே ஒரு கதவு சாத்தியது. சரசா, உன்னிடம் மறைக்க மாட்டேன், தாழ் விழுந்து, தகடு அடங்கி, கடைசியில் அந்தக் காற்று. அப்படியே உன் வண்டி. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்துவிடத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒருதரம் சாத்தியது.

அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. சத்தத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், சொன்னால் சொன்னதை நம்புங்கள் என்று எழுதியிருந்தாய். வர முடியாது என்று நீ சொல்லிவிட்டாய். அப்புறம் இந்தக் காது யார்? முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அந்த வண்டி கிளம்பிப் போகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் காதை விட்டுவிட்டு உன் வார்த்தையை நம்பினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் விஸ்வா